கவுன்டருக்கு இந்தப் பக்கம்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செல்போனைப் பற்றியவை. பென்ஷன், வாரிசு நியமனம், சேமிப்புப் பத்திரம் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். கும்பகோணம் பக்கத்து சப் ஆபீஸ்களில் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவள் நான், இன்ஜினியர் இல்லை. போனுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன். அது வந்தபின் ஒரு வீட்டில் யார் யாரிடம் கை நீட்டுகிறார்கள் என்பதைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் பேசுவேன்.

நான் பூ வியாபாரம் செய்கிறேன். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு மகனுடைய கணக்கு. நாள் முழுக்க சவுண்ட் பாக்ஸ் ‘ஐம்பது ரூபாய் வந்தது, முப்பது ரூபாய் வந்தது’ என்று கத்துகிறது. விடிகாலை மார்க்கெட்டுக்குப் போகக் காசு கேட்டால் ‘எதுக்கும்மா?’ என்கிறான். கெட்ட பிள்ளை இல்லை. ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறதே?
– வாசகி, திண்டுக்கல்

கெட்ட பிள்ளை இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அவனை விட்டுவிடுவோம். க்யூஆர் அட்டையை மாற்றுங்கள்.

முதலில் உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, அதில் எந்த போன் நம்பர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். இங்கேதான் பலருக்குச் சிக்கல். கணக்கு அம்மா பெயரில் இருக்கும், நம்பர் மகனுடையதாகவோ மருமகனுடையதாகவோ இருக்கும். யுபிஐ முழுக்க அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. எனவே ஆதாரையும் உங்கள் போனையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், உங்கள் சிம் நம்பரைக் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் கணக்குக்கு ஒரு க்யூஆர் அட்டை கேளுங்கள். பணம் வாங்குவதற்குப் பெரிய போன் அவசியமில்லை. பட்டன் போனாக இருந்தாலும் பல வங்கிகளில் வரவு குறுஞ்செய்தியாக வந்துவிடும். பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பவும் 2022 மார்ச்சில் ‘யுபிஐ 123பே’ என்று ஒரு வழி வந்திருக்கிறது. ஒரு எண்ணுக்குப் போன் செய்து, குரல் சொல்கிறபடி பட்டனை அழுத்த வேண்டும். சவுண்ட் பாக்ஸ் வேண்டுமென்றால் மாத வாடகை உண்டா, எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெட்டியை வைத்துவிட்டுப் போன பிறகு கேட்டால் பதில் வருவது கஷ்டம்.

‘பின்’ என்ற ரகசிய நம்பரை நீங்களே போடுங்கள். மகன் பக்கத்தில் நின்று சொல்லித் தரட்டும், ஆனால் அந்த எண்ணை அழுத்தும்போது அவன் முகம் தெருப் பக்கம் இருக்கட்டும். இன்னொன்று: பணம் வாங்குவதற்கு ‘பின்’ நம்பர் தேவையே இல்லை. ‘உங்களுக்குப் பணம் வரப்போகிறது, பின் போடுங்கள்’ என்று எவன் சொன்னாலும் அவன் எடுக்கத்தான் வந்திருக்கிறான்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் திருப்பூருக்கும் பம்பாய்க்கும் போன ஆண்கள் மணியார்டரில் பணம் அனுப்புவார்கள். 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கமிஷன். ஆயிரம் அனுப்ப ஐம்பது போய்விடும். இன்று அதே ஆயிரம் யுபிஐயில் கமிஷன் இல்லாமல் போகிறது. உழைக்கிறவனுக்கு அதுவே பெரிய லாபம். ஆனால் எனக்குக் கமிஷனைவிட அதிகம் நினைவிருப்பது வேறு. மணியார்டர் வந்தால் தெருவுக்கே தெரியும். தபால்காரர் படியேறும் முன்பே மாமியார் திண்ணைக்கு வந்துவிடுவார். பணம் மருமகள் பெயருக்கு வந்திருக்கும், கைநாட்டும் அவளுடையதுதான், நோட்டை எண்ணி முந்தானையில் முடிவது மட்டும் மாமியார். அதனால் சில பெண்கள் ‘வீட்டுக்கு அனுப்பாதீங்கக்கா, நானே வந்து வாங்கிக்கிறேன்’ என்று ஆபீசுக்கே வந்துவிடுவார்கள். ஆர்.டி. என்ற மாதச் சேமிப்பு கட்டும் பெண்கள் பலர் பாஸ்புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோகாமல் முகவர் அம்மாவிடம் விட்டுவைப்பார்கள். புத்தகம் கண்ணில் பட்டால் கணக்கு முடிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாயை ஒவ்வொரு பெண்ணின் சொந்தக் கணக்கிலேயே போட்டார்கள். ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேலி பேசியவர்கள் உண்டு. திண்ணையைத் தாண்டாமல் பணம் நேரே கைக்கு வருவது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது, பாவம். உங்களுக்குத் தெரியும். உங்கள் பூ, உங்கள் கடை, உங்கள் கணக்கு. பிள்ளைக்குத் தேவைப்படும்போது நீங்கள் அனுப்புங்கள். ‘எதுக்குப்பா?’ என்று கேட்பதும் கேட்காததும் உங்கள் இஷ்டம்.

க்யூஆர் கோடு இந்தியக் கண்டுபிடிப்பு என்று எங்கள் வகுப்பில் ஒருவன் அடித்துப் பேசுகிறான். உண்மையா?
– கல்லூரி மாணவர், சேலம்

இல்லை தம்பி. 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்பவரும் அவருடைய குழுவும் உருவாக்கியது, கார் தொழிற்சாலையில் உதிரிபாகங்களை எண்ணிக் கணக்கு வைப்பதற்காக. காப்புரிமை கையில் இருந்தும், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று அந்த நிறுவனம் விட்டுவிட்டது. அதனால்தான் இளநீர் வண்டி வரைக்கும் வந்திருக்கிறது.

உன் நண்பன் யுபிஐயை நினைத்துக்கொண்டு பேசியிருப்பான். அது நம்முடையது. என்பிசிஐ என்ற தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் உருவாக்கியது. 2016 ஏப்ரலில் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் மும்பையில் தொடங்கிவைத்தார். அதே வருஷம் நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்ததும், சில்லறைக்கு அலைந்த ஜனங்கள் அதன் பக்கம் திரும்பினார்கள். விரும்பித் திரும்பினார்களா, வேறு வழியில்லாமலா என்பதை அந்த வாரங்களில் கவுன்டரில் இருந்தவர்களிடம் கேட்டுப் பார்.

ஒரு சங்கதி. இந்தக் கட்டம் கொஞ்சம் கிழிந்தாலும் அழுக்கானாலும் வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். உயர்ந்த பிழை திருத்தும் நிலையில் அச்சிட்டால் ஏறக்குறைய 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும். அதில் வசதியும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. எப்படி இருந்தாலும் வேலை செய்கிறது என்று யாரும் அட்டையை உற்றுப் பார்ப்பதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அதன் மேல் வேறு கட்டத்தை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருக் கடைக்காரர்களிடம் காலையில் ஒரு தடவை அட்டையை விரலால் தடவிப் பார்க்கச் சொல்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல்தொழில். போன் வந்ததால் மீனவன் வாழ்வு உயர்ந்தது என்று மேடையில் பேசுகிறார்கள். கரையில் பார்த்தால் பசங்க ரீல்ஸ் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எது நிஜம்?
– வாசகர், நாகப்பட்டினம்

இரண்டும் நிஜம். ஆனால் நீங்கள் கேட்டதற்கு நல்ல பதில் கேரளத்தில் இருக்கிறது.

ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் ஆய்வாளர் 1997 முதல் 2001 வரை வடகேரளத்தின் மத்தி மீன் சந்தைகளைக் கவனித்தார். செல்போன் டவர்கள் ஒவ்வொரு பகுதியாக வந்துகொண்டிருந்த காலம் அது. 1997 ஜனவரி 14-ம் தேதி காலை வடகரைக் கரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மத்தியோடு நிற்கிறார்கள். மீனைக் கடலிலேயே கொட்ட வேண்டிய நிலை. அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் வேறு இரண்டு கரைகளில் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் தெரியாது, அவ்வளவுதான். சிக்னல் கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் எட்டியது. எந்தக் கரையில் என்ன விலை என்று படகிலிருந்தே கேட்டுக்கொண்டு அந்தக் கரைக்கு விட ஆரம்பித்தார்கள். மீன் கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் ஏறியது, வாங்குகிறவர் விலை 4 சதவீதம் இறங்கியது. இரண்டு பக்கமும் லாபப்படுவது அபூர்வம். அந்தக் கணக்கு 2007-ல் வெளியானது. மேடைப் பேச்சுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

மேடையில் சொல்லாததையும் சொல்லிவிடுகிறேன். படகுக்கும் வலைக்கும் யாரிடம் முன்பணம் வாங்கினீர்களோ அவரிடம்தான் மீனைப் போட வேண்டும் என்றால், பக்கத்துக் கரையில் இரண்டு மடங்கு விலை என்று போன் சொல்லி என்ன பயன்? வயிற்றெரிச்சல்தான் மிச்சம். விலை தெரிவது ஒன்று, விலை தெரிந்தபின் படகைத் திருப்பும் சுதந்திரம் இன்னொன்று. இரண்டாவதைப் போன் கொடுக்காது. கூட்டுறவுச் சங்கமும் நியாயமான கடனும்தான் கொடுக்க வேண்டும்.

உங்கள் கரைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. 1998 வாக்கில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் அமைத்தது. வீராம்பட்டினத்தில் ஊர்க்காரர்களே அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். ஊருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு குழாய் ஸ்பீக்கர், படிக்கத் தெரிந்த நாலு பேர். ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் என்பதெல்லாம் கனவில்கூட இல்லை. 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு போன். முன்பு அந்த மையத்தில் தொண்டராக இருந்தவர், அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்கு அழைத்தார். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனங்கள் மேட்டுப் பக்கம் ஓடினார்கள். படகும் வீடும் போயின, ஆட்கள் தப்பினார்கள்.

நாகையில் அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன் அன்றும் பல பேரிடம் இருந்தது. செய்தியை நம்பி உடனே எடுத்துச் சொல்ல ஒரு ஏற்பாடு, ஊருக்குப் பழக்கமான ஒரு குரல், அது நல்லவாட்டில் இருந்தது. பசங்க ரீல்ஸ் பார்க்கட்டும். உங்கள் பஞ்சாயத்தில் ஒலிபெருக்கி வேலை செய்கிறதா, அறையின் சாவி யாரிடம் என்று ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள்.

தினமும் காலையில் பூவும் சூரியனும் போட்ட ‘காலை வணக்கம்’ படங்கள் நாற்பது வருகின்றன. பதில் அனுப்பாவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்!
– வாசகர், கோயம்புத்தூர்

பொங்கல் வாழ்த்து மூட்டை மூட்டையாக வந்த ஜனவரிகளில் முத்திரை குத்திக் கை வீங்கியவள் நான். என்னிடம் அனுதாபம் எதிர்பார்க்காதீர்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் யாராவது தினமும் அனுப்பிக்கொண்டிருந்து திடீரென்று ஒரு நாள் அனுப்பாவிட்டால், போன் போட்டுக் கேளுங்கள். மற்றவர்களை மியூட்டில் போடலாம், அவர்களுக்குத் தெரியாது.

என் மாமியாருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். நாற்று நட்டுக் களை பறித்த கை. ரேஷன் கடை மிஷினில் ரேகை விழுவதே இல்லை. ‘நாளைக்கு வாங்க’ என்கிறார்கள். நாளைக்கு மட்டும் புது விரல் முளைக்குமா?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

நியாயமான கேள்வி. வயதானால் தோல் சுருங்கும், மண்ணிலும் சுண்ணாம்பிலும் உழைத்த கையில் ரேகை தேயும். உழைத்தவர்களைத்தான் மிஷின் அதிகம் திருப்பி அனுப்புகிறது.

செய்ய வேண்டியது: முதலில் கருவிழி பதியும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து, நடக்க முடியாத முதியவர்களுக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கும் படிவம் உண்டு. கடையில் இல்லை என்றால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் மூத்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். அட்டையில் உங்கள் மாமியார் தனியாக இருக்கிறாரா, உங்களோடு சேர்ந்தா என்பதைப் பொறுத்துத் தகுதி மாறலாம், விசாரியுங்கள். ஆதார் மையத்தில் ரேகையை ஒரு முறை புதுப்பித்தால் சிலருக்குச் சரியாகிறது. இதெல்லாம் ஒருபுறம் இருக்க, ரேகை சேரவில்லை என்ற காரணத்துக்காக ரேஷன் மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ‘நாளைக்கு வாங்க’ என்றால், அதை எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். பொதுவாக எழுத்தில் கேட்டதும் நாளை இன்றாகிவிடும்.

எங்கள் கவுன்டரிலும் தேய்ந்த விரல்கள் வந்ததுண்டு. ஸ்டாம்ப் பேடில் அமுக்கிப் பதித்தால் வெறும் மசித் திட்டுதான் விழும். பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் ‘இவங்க இன்னார்தான்’ என்று சாட்சிக் கையெழுத்துப் போடுவார், பணம் கொடுத்துவிடுவோம். அந்தச் சாட்சிக்கு இந்த மிஷினில் இடம் வைக்கவில்லை. ஒரு கிராமமே நின்று ‘இவங்களை எங்களுக்குத் தெரியும்’ என்றாலும் சிவப்பு விளக்குதான் எரியும். திருட்டைத் தடுக்கத்தான் மிஷின் வந்தது, பல இடங்களில் தடுத்தும் இருக்கிறது. அதற்காகச் சாட்சி சொல்லும் வழியை அடைத்தது சரியில்லை என்பது என் கட்சி.

மாமியாருக்கு பென்ஷன் ஏதும் வந்தால் அங்கே கொஞ்சம் ஆறுதல். உயிர்வாழ் சான்றுக்கு 2021 முதல் விரல் வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும். தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லலாம்.

சிபிஐ என்று சொல்லி வீடியோவில் வந்தார்கள். என் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம், ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்திருக்கிறோம், கேமரா முன்னால் இருந்து நகரக் கூடாது என்றார்கள். மகள் வந்து போனைப் பிடுங்கியதால் தப்பித்தேன். வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

வெட்கம் எதற்கு சார்? எழுதினீர்களே, அதுவே பெரிய உதவி. இவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் அரசு ஊழியர்களையும் தேடிப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. நாம் சுற்றறிக்கைக்குப் பயந்தே வேலை பார்த்தவர்கள். முத்திரையும் சீருடையும் தெரிந்தால் எழுந்து நிற்கும் வழக்கம் முதுகெலும்பில் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது இல்லை, நல்லவேளை.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். பார்சலைப் பற்றி நான் சொல்கிறேன்: சந்தேகமான பார்சல் இருந்தால் தபால் துறை உங்களைப் போலீஸுக்கு ‘கனெக்ட்’ செய்யாது. வெளியூர்க்காரரை வெளியூர் போனுக்கு இணைத்துவிடும் வசதியெல்லாம் எங்கள் ஆபீசில் இருந்திருந்தால் நாங்களே அதிசயப்பட்டிருப்போம்.

பணம் போய்விட்டவர்களுக்கு ஒரே ஒரு வேலை: உடனே 1930, சைபர் மோசடிப் புகார் எண். வங்கியிடம் சொல்வது அப்புறம், சொந்தக்காரர்களிடம் சொல்வது அதற்கும் அப்புறம். போன பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குச் சிதறும் முன் நிறுத்தி வைக்க அந்த எண்தான் வழி. மணிக்கணக்கு இல்லை, நிமிஷக்கணக்கு. வெட்கப்பட்டு ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டுக் காலையில் அழைத்தால், அந்த வெட்கம்தான் திருடனுக்குக் கூலி.

எனக்குப் பார்வை இல்லை. போனைப் பேச வைத்துப் பழகிவிட்டேன். ஆனால் வங்கிச் செயலியில் பாதி பட்டன்கள் ‘பட்டன், பட்டன்’ என்று மட்டுமே சொல்கின்றன. அண்ணன் ‘என்னிடம் கொடு, நான் செய்கிறேன்’ என்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை.
– வாசகர், திருச்சி

பிடிக்காமல் போவது சரிதான். திண்டுக்கல் அம்மாவும் நீங்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

ஆண்ட்ராய்டில் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. ரூபாய் நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. கேமராவில் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இணையம் தேவையில்லை. நோட்டு நல்லதா கள்ளதா என்று மட்டும் சொல்லாது. பொது இடத்தில் கணக்கு பார்க்கும்போது காதில் இயர்போன் இருக்கட்டும். பேசும் போன் உங்களுக்கு மட்டுமா பேசுகிறது?

பெயரில்லாத பட்டன் உங்கள் குறை இல்லை, எழுதியவர்கள் சோம்பல். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பெயர் எழுதி வைத்தால் டாக்பேக் படித்துவிடும், அவ்வளவு சின்ன வேலை. கணக்குத் தொடங்கும்போது ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்று கேட்கும் கொடுமையும் இருந்தது. அமில வீச்சில் கண் போனவர்களும் பார்வையற்ற ஒருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது: டிஜிட்டல் சேவைகளை எல்லோரும் அணுக முடிவது, அரசியல் சாசனம் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி. சிமிட்டாமலும் அடையாளம் காட்ட வழி வேண்டும் என்று பல உத்தரவுகள் அதில் இருக்கின்றன.

உங்கள் வங்கிக்குப் புகார் எழுதுங்கள். எந்தத் திரையில், எத்தனையாவது பட்டன் ஊமையாக இருக்கிறது என்று வரிசையாகக் குறிப்பிட்டு, இந்தத் தீர்ப்புத் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் போகட்டும், தாளிலும் போகட்டும். அண்ணனை அதற்கு மட்டும் தபால் ஆபீசுக்கு அனுப்பலாம். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் தனியாக இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுன்டரில் ‘பதிவோடு ஸ்பீட் போஸ்ட்’ என்று கேட்கச் சொல்லுங்கள். ரசீது உங்கள் பையில் இருக்கட்டும்.